மண்ணுல இசை இருக்குன்னு சொல்லாதீங்க

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த உறவுக்காரத் தம்பி ஒருத்தர் திண்ணையில உக்காந்து பேசிக்கிட்டிருந்தார். சென்னையில நல்ல வேலை. அவர் பொண்ணு வாரம் ரெண்டு நாள் கீபோர்டு கிளாஸுக்குப் போகுதாம். "எங்க பிள்ளைங்களுக்குத்தான் மாமா காசு கொடுத்து பாட்டு கத்துக்கொடுக்க வேண்டியிருக்கு. உங்க ஊர்ப் பிள்ளைங்களுக்கு என்ன கவலை, மண்ணுலயே இசை இருக்கே" என்றார்.

வீட்டுக்கு வந்த விருந்தாளி. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல. இப்ப சொல்றேன். இது பொய். டவுன்ல இருக்கறவங்க கிராமத்தைப் பத்திச் சொல்ற பொய்யிலேயே இதுதான் எங்க பிள்ளைங்களுக்கு அதிகக் கெடுதல் பண்ணுது.

மண்ணுல இசை எப்பவும் இருந்ததில்ல. வேலையில இருந்தது. எங்க தாத்தா காலத்துல ஏற்றம் இறைக்கிறவங்க பாடினாங்க. எத்தனை சால் தண்ணி ஏறுச்சுங்கற கணக்கே அந்தப் பாட்டுக்குள்ளதான் இருந்தது. பம்புசெட்டு வந்தது, ஏற்றம் போச்சு, கூடவே பாட்டும் போச்சு. நடவுல எங்க அம்மா பாடி நான் கேட்டிருக்கேன். ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, இருபது பேர் குனிஞ்சபடியே வாங்கிப் பாடுவாங்க. வரப்புல உக்காந்திருந்த நாங்க யாரும் கத்துக்கொடுக்காமலே கத்துக்கிட்டோம். இன்னைக்கு என் வயல்ல காண்ட்ராக்ட் ஆளுங்க வந்து நட்டுட்டு அடுத்த வயலுக்கு ஓடறாங்க. அறுக்கறதுக்கு மெஷின். அந்தச் சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசறதே கேக்காது. தாலாட்டுக்கு செல்போன் இருக்கு. ஒப்பாரியைக்கூட மைக்செட்டுக்காரர் போட்டு விட்டுடறார்.

இதுக்காக நான் அழல. அந்த வேலை போனது நல்லதுதான். அதுல ஒடிஞ்சதெல்லாம் எங்க அம்மாக்களோட முதுகு. நான் சொல்றது ஒண்ணுதான்: வேலை போனப்ப, எங்க பிள்ளைங்க காசில்லாம பாட்டு கத்துக்கிட்ட பள்ளிக்கூடமும் மூடிப் போச்சு. மிச்சம் இருக்கறது நிஜப் பள்ளிக்கூடம் மட்டும்தான். அங்க பாட்டு இல்லைன்னா எங்கேயும் இல்ல.

இன்னொண்ணையும் மறைக்காம சொல்லணும். இசை இருந்த காலத்துலயும் அது எல்லாருக்கும் இல்ல. பறை காலனிக்காரங்க கையில. சாவுக்கும் திருவிழாவுக்கும் அவங்க அடிக்கணும், ஊர்த்தெரு கேக்கணும். ரசிக்கலாம், ஆனா தொடக்கூடாது.

என் மகன் எட்டாவது படிச்சப்ப அந்தப் பள்ளிக்கூடத்துக்கு பகுதிநேர பாட்டு வாத்தியார் ஒருத்தர் வந்தார். ஆண்டு விழாவுக்குப் பறையாட்டம் போடலாம்னு காலனியில இருந்து பெரியவர் ஒருத்தரையே கூப்பிட்டுப் பழக வெச்சார். மகன் பேர் கொடுத்துட்டு வந்தான். எங்க அம்மா, "அதைத் தொட்ட கையோட இந்த வாசப்படி ஏறாதே" என்றார். நான் என்ன செஞ்சேன்? "விடுடா, கோலாட்டத்துல சேந்துக்கோ" என்றேன். அன்னைக்கு மேடையில பறை அடிச்ச நாலு பேரும் காலனிப் பிள்ளைங்கதான். என் மகன் கோலாட்டம் முடிச்சுட்டு ஓரமா நின்னு தொடையில தாளம் போட்டுக்கிட்டிருந்தான். இத்தனை வருஷம் கழிச்சும் அந்தக் கை என் கண்ணுல நிக்குது.

2025ல பறை இசைக்கலைஞர் வேலு ஆசானுக்கு பத்மஸ்ரீ அறிவிச்சப்ப எங்க ஊர் டீக்கடையிலும் பெருமையாத்தான் பேசினாங்க. ஆனா அதே தெருவுல எந்த வீட்டுலயும் இன்னைக்கும் பறை கிடையாது. இந்த ஊர்ல ரெண்டு தெருப் பிள்ளைங்களும் ஒரே தரையில உக்காந்து ஒரே தாளத்தைப் பிடிக்கக்கூடிய இடம் வகுப்பறை ஒண்ணுதான். அந்த வாத்தியார் அதைத்தான் செய்யப் பார்த்தார். நான்தான் கெடுத்தேன்.

அவருக்கு அரசாங்கம் என்ன கொடுத்தது தெரியுமா? 2012ல தமிழ்நாடு முழுக்க பாட்டு, ஓவியம், தையல், உடற்கல்வி, கணினின்னு எல்லாத்துக்கும் சேத்து 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தாங்க. வாரம் மூணு அரை நாள் வேலை, ஆரம்பத்துல மாசம் 5,000 ரூபாய். மே மாசம் அதுவும் இல்ல. பின்னாடி கொஞ்சம் கொஞ்சமா ஏத்தினாங்க. நிரந்தரம் பண்ணுங்கன்னு அவங்க வருஷக்கணக்கா போராடறாங்க. எங்க பாட்டு வாத்தியார் ரெண்டு வருஷம் பார்த்துட்டு டவுன்ல ஒரு கடைக்கு கணக்கெழுதப் போயிட்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சட்டத்துலயே ஓட்டை இருக்கு. 2009 கல்வி உரிமைச் சட்டத்துப்படி 6 முதல் 8 வகுப்பு வரைக்கும் 100 பிள்ளைங்களுக்கு மேல இருந்தாத்தான் கலைக்கு ஒரு பகுதிநேர ஆசிரியர். எங்க ஊர் நடுநிலைப் பள்ளியில அந்த மூணு வகுப்புக்கும் சேத்து ஐம்பது பிள்ளைங்க தேறாது. சின்ன ஊர்னா கணக்கிலேயே வராது. வந்தாலும் 'கலைக் கல்வி'ங்கற ஒரே சொல்லுக்குள்ள ஓவியமும் இசையும் சேந்து கிடக்கு. ஓவிய வாத்தியார் இருந்தா கலை முடிஞ்சது.

கலைத் திருவிழா நடத்தறாங்களேன்னு கேப்பீங்க. 2022ல இருந்து நடக்குது, நல்ல விஷயம், பிள்ளைங்க முகத்துல சந்தோஷத்தைப் பார்த்திருக்கேன். ஆனா போட்டி வேற, பாடம் வேற. வருஷம் முழுக்கப் பாட்டு பீரியடே இல்லாத பள்ளியில போட்டிக்கு முன்னாடி பத்து நாள் யூடியூப்பைப் போட்டுப் பழக வெக்கறாங்க. நல்லாப் பாடற நாலு பேர் மேடை ஏறுவாங்க, மத்தவங்க கை தட்டுவாங்க. விதை போடாம அருவாளை எடுத்துக்கிட்டு அறுக்க வந்த கதைதான் இது.

"கூட்டல் கழித்தலே வரல, இதுல பாட்டு வேறயா"ன்னு படிச்சவங்களே கேக்கறாங்க. கேக்கறவங்க யாரும் தங்கள் பிள்ளையோட கீபோர்டு கிளாஸை நிறுத்தல. கணக்கு வரலைன்னா கணக்கை ஒழுங்கா சொல்லிக் கொடுங்க. பாட்டு பீரியடைப் பிடுங்கினதால எந்த ஊர்ல கணக்கு வந்தது?

அதே மாதிரி, "இசை கத்துக்கிட்டா மூளை வளரும், மார்க் ஏறும்"னு சொல்லியும் எங்களுக்கு விக்காதீங்க. மார்க் ஏறலைன்னா நிறுத்திடலாம்னு அர்த்தம் ஆயிடும். அஞ்சு வருஷம் கடைசி பெஞ்சுல வாயே திறக்காத பிள்ளை, கூட்டத்தோட சேந்து பாடறப்ப முதல் தடவையா தன் குரலைத் தானே கேக்குது. பக்கத்துல இருக்கறவனைக் கேட்டு நிதானிக்கவும் கத்துக்குது. அது போதும். சோத்துக்கு மார்க்கா கேக்கறோம்?

செய்யறதுக்கு வழி இல்லாம இல்ல. மாவட்ட அரசு இசைப் பள்ளி 17 இருக்கு. நாதஸ்வரம், தவில், தேவாரம்னு படிச்சு சான்றிதழ் வாங்கினவங்க வேலை இல்லாம நிக்கறாங்க. சின்னப் பள்ளிக்குத் தனி ஆள் போட முடியலைன்னா பக்கத்துப் பக்கத்துல நாலு ஊருக்கு ஒரு முழுநேர ஆசிரியர் போடுங்க. நாளைக்கு ஒரு ஊர்னு சுத்தி வரட்டும். உள்ளூர்ல பறையும் பம்பையும் உடுக்கையும் வாசிக்கற பெரியவங்களைக் கூலி கொடுத்து வகுப்புக்குள்ள கூப்பிடுங்க. சாவு வீட்டு வாசல்ல நிக்க வெச்ச ஆளைப் பிள்ளைங்க 'ஐயா'ன்னு கூப்பிடட்டும்.

டவுன்ல இருக்கற நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு வாங்கித் தர்றீங்க, சுவத்துக்குப் பெயிண்ட் அடிக்கறீங்க. புண்ணியமாப் போகட்டும். அடுத்த தடவை வர்றப்ப தலைமை ஆசிரியர் ரூம்ல மாட்டியிருக்கற கால அட்டவணையைப் பாருங்க. பாட்டு பீரியடு எத்தனை, அதை எடுக்கறது யாருன்னு கேளுங்க. போன வாரம் அந்த பீரியடுல என்ன நடந்துச்சுன்னு ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கேளுங்க. அதைக் கேட்டுட்டு வந்து என் திண்ணையில உக்காருங்க. அப்புறம் மண்ணுல இசை இருக்கா இல்லையான்னு பேசலாம்.