களம் கிடைத்தது, மேய்ச்சல் நிலம்?

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் நியூமார்க்கெட் என்றொரு சிறிய சந்தை நகரம் உண்டு. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேட்டைக்காக அங்கு வந்த அரசர் முதலாம் ஜேம்ஸ், அந்த ஊரைத் தம் விருப்பத்துக்குரிய இடமாக்கிக் கொண்டார். அவருடைய பேரன் இரண்டாம் சார்லஸ் அங்கு நடைபெறும் குதிரைப் பந்தயத்துக்கு விதிமுறைகளை வகுத்தார். தாமே குதிரையேறிப் போட்டியிலும் கலந்துகொண்டார். அதன் பிறகு 350 ஆண்டுகள் கடந்தும் குதிரைப் பந்தய உலகின் தலைநகராக அவ்வூர் நீடிக்கிறது.

அரசர்களின் ஆதரவு மட்டுமே அதற்குக் காரணமல்ல. அங்குள்ள இரண்டு பந்தயத் திடல்களிலும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 40 நாள்களே பந்தயம் நடைபெறுகிறது. ஆனால், ஆண்டு முழுவதும் சுமார் மூவாயிரம் குதிரைகள் அவ்வூரில் பயிற்சி பெறுகின்றன. அவை ஓடிப் பழகுவதற்கென்றே பரந்த புல்வெளிகள் பாதுகாக்கப்படுகின்றன. இனப்பெருக்கப் பண்ணைகள், ஏல மையம், குதிரைகளுக்கான மருத்துவமனைகள், குதிரையோட்டிகளுக்கான பயிற்சிப் பள்ளி, அருங்காட்சியகம் எனப் பந்தயத்தைச் சுற்றி ஒரு வாழ்வாதாரமே உருவாகியிருக்கிறது. குதிரைகள் செல்லத் தனிப் பாதைகள் உண்டு. அவை சாலையைக் கடக்கும்போது வாகனங்கள் நிற்கின்றன.

ஊருக்கு அருகே 400 வீடுகள் கட்டும் திட்டமொன்று முன்வைக்கப்பட்டபோது, போக்குவரத்து பெருகிக் குதிரைகளுக்கு ஆபத்து நேரும் என்று எதிர்ப்பு எழுந்தது. பல ஆண்டுகளாக இழுபறியில் இருந்த அத்திட்டத்துக்கு 2020-இல்தான் அனுமதி கிடைத்தது. முடிவு எதுவாயினும், ஓர் ஊரின் நிலப் பயன்பாடு குறித்த விவாதத்தில் விலங்கின் தேவையும் எடைபோடப்பட்டது என்பதே கவனிக்கத்தக்கது.

செட்டிநாட்டுக்கும் குதிரைப் பந்தயத்துக்கும் தொடர்பு இல்லாமலில்லை. செட்டிநாட்டு அரச குடும்பத்தைச் சேர்ந்த எம்.ஏ.எம். ராமசாமி, இந்தியாவின் புகழ்பெற்ற பந்தயக் குதிரை உரிமையாளர்களுள் ஒருவர். ஆனால், அவருடைய குதிரைகள் ஓடியது பெருநகரங்களின் பந்தயத் திடல்களில். சிவகங்கைச் சீமையின் கிராமங்களில் குதிரை என்றால் அது அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு எடுக்கப்படும் மண்புரவிதான். இந்த மண்ணின் பந்தய மரபு காளையைச் சார்ந்தது.

பொங்கலையொட்டி சிராவயலிலும் கண்டிப்பட்டியிலும், மாசி மகத்தன்று சிங்கம்புணரி அருகே அரளிப்பாறையிலும் நடைபெறும் மஞ்சுவிரட்டு தென்மாவட்டங்கள் முழுவதும் அறியப்பட்டது. வாடிவாசல் வழியாக ஒவ்வொரு காளையாக வெளிவரும் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டிலிருந்து இது வேறுபட்டது. தொழுவிலிருந்து அவிழ்த்துவிடப்படும் மாடுகளுடன், பொட்டலிலும் வயலிலும் கண்மாய்ப் பகுதியிலும் கட்டுமாடுகளும் விடப்படுகின்றன. கோயில் திருவிழாக்களின்போது பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து நடத்தப்படும் மாட்டுவண்டிப் பந்தயங்களுக்கும் இப்பகுதியில் குறைவில்லை.

இந்த மரபுக்கான சட்டப் போராட்டம் நீண்டது. காட்சிப்படுத்தத் தடை செய்யப்பட்ட விலங்குகளின் பட்டியலில் 2011-இல் காளை சேர்க்கப்பட்டது. 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் மெரீனாவில் திரண்ட இளைஞர்களின் எழுச்சி, தமிழக அரசைச் சட்டத் திருத்தம் கொண்டுவரச் செய்தது. அத்திருத்தம் செல்லும் என 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில், அறுபதுக்கும் மேற்பட்ட ஏக்கரில் ஜல்லிக்கட்டு அரங்கமும் திறக்கப்பட்டது.

விளையாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது, களமும் கிடைத்துவிட்டது. விளையாடும் காளைக்கு என்ன கிடைத்தது?

மஞ்சுவிரட்டுக் களங்களின் பெருமைக்குரிய இனம் புலிக்குளம் மாடு. மானாமதுரைப் பகுதியிலுள்ள புலிக்குளம் என்னும் ஊரின் பெயரால் வழங்கும் இவ்வினம், தொழுவத்தில் தனித்தனியே கட்டி வளர்க்கப்படுவதைவிட மந்தையாக மேய்ந்து வளர்வது. அறுவடை முடிந்த வயல்களில் இரவில் கிடை அமர்த்தப்படும். சாணமும் கோமியமும் நிலத்துக்கு உரமாகும். அதற்கு உழவர் தரும் கூலி மாட்டுக்காரரின் வருவாயாகும். இந்தக் கிடைகளில் பிறக்கும் காளைக் கன்றுகளை வாங்கித்தான் பலரும் மஞ்சுவிரட்டுக் காளைகளாக வளர்க்கின்றனர். கிடை இல்லையேல் கன்று இல்லை. கன்று இல்லையேல் களத்தில் காளை இல்லை.

அந்தக் கிடைதான் இன்று நெருக்கடியில் இருக்கிறது. ஊர்தோறும் இருந்த மேய்க்கால் புறம்போக்குகள் ஆக்கிரமிப்பாலும் அரசுக் கட்டடங்களாலும் சுருங்கிவிட்டன. எஞ்சியவற்றைச் சீமைக் கருவேலம் மூடியிருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் பகுதி 2021-இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. காப்பகங்களிலும் சரணாலயங்களிலும் கால்நடை மேய்ச்சலுக்கு 2022-இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தது. வனத்தைக் காக்கும் நோக்கம் சரியானதே. ஆயினும், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை நம்பியிருந்த நாட்டு மாட்டு மந்தைகளுக்கு மாற்று மேய்ச்சல் நிலம் எது என்பதற்கு விடை காணப்படவில்லை. கிடைக்குப் பின்னால் நடக்க அடுத்த தலைமுறையும் முன்வரவில்லை.

நியூமார்க்கெட்டை அப்படியே இங்கு நகலெடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. அங்கு குதிரையின் செலவைப் பெருமளவு தாங்குவது சூதாட்டப் பணமும் செல்வந்தர்களின் முதலீடும். கிண்டி பந்தயத் திடலின் அண்மைக்கால வரலாற்றையும் நாம் அறிவோம். ரூ.730 கோடி குத்தகை பாக்கியைத் தொடர்ந்து, சுமார் 160 ஏக்கர் நிலத்தை 2024 செப்டம்பரில் தமிழக அரசு மீட்டது. மக்களின் ஆதரவில் வேரூன்றாத பந்தயம், குத்தகைத் தாளின் பலத்தில் நெடுங்காலம் நிற்க முடியாது என்பதற்கு அது சான்று.

மஞ்சுவிரட்டின் நிலை நேர்மாறானது. மக்களின் ஆதரவுக்குப் பஞ்சமில்லை. பொருளாதார அடித்தளம்தான் இல்லை. காளை வளர்ப்போரில் பலர் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும்தான். காளை ஏருக்கும் போவதில்லை. ஓரிரு நிமிடப் பெருமைக்காக ஆண்டு முழுவதும் தீவனச் செலவைத் தாங்கும் குடும்பங்களை நம்பியே மரபு முழுவதும் நிற்கிறது.

மனித உயிர்களின் பாதுகாப்பும் இதனுடன் சேர்த்தே பேசப்பட வேண்டும். 2024-இல் சிராவயலில் சிறுவன் உள்பட இருவர் மாடு முட்டி உயிரிழந்தனர். திறந்த வெளியில் கட்டுமாடுகள் விடப்படும்போது பார்வையாளர் யார், வீரர் யார் என்ற எல்லையே இல்லாமல் போகிறது. மரபின் பெயரால் இதைக் கடந்துபோவது, மரபை எதிர்ப்போருக்கே வலுச்சேர்க்கும்.

செய்ய வேண்டியவை செய்யக்கூடியவையே. பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு உச்சநீதிமன்றம் 2011-இல் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. அதன்படி சிவகங்கை மாவட்டத்தின் மேய்க்கால் புறம்போக்குகளை அளந்து, கருவேலத்தை அகற்றி, ஊராட்சிகளின் பொறுப்பில் விட வேண்டும். கிடை மாட்டுக்காரர்களுக்கு அடையாள அட்டையும், மந்தை செல்லும் வழித்தடங்களுக்கு அங்கீகாரமும் தேவை. மானாமதுரையில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் புலிக்குளம் மாட்டின ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தரமான பொலிகாளைகளைக் கிராமங்களுக்கு அளிக்கும் மையமாக அதனை வலுப்படுத்தலாம். கட்டுமாடுகள் விடப்படும் இடங்களை முன்கூட்டியே வரையறுத்து, பார்வையாளர்களுக்குத் தடுப்பு வேலி அமைப்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

செட்டிநாட்டின் கிராமத் தொகுதிகள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன. ஆத்தங்குடித் தரையையும் தேக்கு மரத் தூண்களையும் காண உலகெங்கிலுமிருந்து பயணிகள் வருகின்றனர். பூட்டிக் கிடக்கும் மாளிகைகளைப் பாரம்பரியம் என்று போற்றும் நாம், உயிரோடு மேய்ந்து கொண்டிருக்கும் மந்தையையும் அவ்வாறே மதிக்க வேண்டும். சிதைந்த வீட்டைப் பணம் இருந்தால் புதுப்பித்துவிடலாம். அழிந்த மாட்டினத்தை எந்த நீதிமன்றத் தீர்ப்பாலும் மீட்க முடியாது.