"எனக்கு வெளிய வரல்ல சேர்"

போன கிழமை தரம் 8 பிள்ளைகளோடு ஒரு சின்ன வேலை செய்து பார்த்தோம். ஒரு மாணவனைக் கமெராப் பக்கம் கையை நீட்டி அசையாமல் நிற்கச் சொல்லி, கையடக்கத் தொலைபேசியில் ஒரு படம். தொலைபேசியை 6 சென்ரிமீற்றர் அளவு வலப்பக்கம் நகர்த்தி இன்னொன்று. எங்கள் இரு கண்களுக்கும் இடையிலான தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். இரண்டிலும் முகம் சட்டத்தில் ஒரே இடத்தில் வரும்படி ஓரங்களை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு வில்லை பூட்டிய காட்போட் பெட்டிக்குள்ளால் பார்த்தால் படத்துக்கு ஆழம் வரும்.

இதை 1838இல் விளக்கியவர் சார்ள்ஸ் வீட்ஸ்டன், அதுவும் வெறும் கோட்டுப் படங்களை வைத்து. (இப்னு ஹைதம்தான் கண்டுபிடித்தார் என்று கொமெண்ட் போட வேண்டாம். இரு கண்களாலும் பார்ப்பது ஏன் ஒன்றாகத் தெரிகிறது என்று அவர் பலகை வைத்துப் பரிசோதித்தார். அவர் பெருமைக்கு அது போதும்.)

முதல் படத்தில் நாங்கள் பிழை விட்டோம். நீட்டிய கை இடது ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது. "கண்ண என்னமோ செய்யுது சேர்" என்றார்கள். படத்தின் ஓரத்தை மூளை யன்னல் சட்டமாக எடுத்துக்கொள்கிறது. கை யன்னலுக்கு முன்னால் நிற்கிறது என்கின்றன இரு கண்களும். ஆனால் சட்டம் கையை மறைக்கிறது. பின்னால் இருப்பதைத்தானே சட்டம் மறைக்கலாம்? பக்க ஓரங்களில்தான் இந்தத் தொல்லை கூட, ஏனென்றால் ஒரு கண்ணுக்குத் தெரியும் துண்டு மற்றக் கண்ணுக்குத் தெரியாது. கீழ் ஓரம் இடுப்போடு வெட்டினால் அவ்வளவு உறுத்தாது.

கை எந்த ஓரத்திலும் படாமல் திரும்ப எடுத்தோம். இந்த முறை பார்த்தவர்கள் தலையைப் பின்னால் இழுத்தார்கள்.

ஒரு பிள்ளை மட்டும், "எனக்கு வெளிய வரல்ல சேர்." வகுப்பே சிரித்தது. "ஒழுங்காப் பார்" என்றுதான் எங்களுக்கும் முதலில் வாயில் வந்தது. இதை எழுதுவதே அதற்காகத்தான். படம் தட்டை. ஆழத்தை உண்டாக்குவது பார்ப்பவரின் மூளை. அதற்கு இரு கண்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். மாறுகண் உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணின் பார்வை சிறுவயதில் பின்தங்கிப்போனவர்களுக்கும் அது நடக்காமல் போகலாம். அவர்களுக்கே தெரியாது. நிழலையும், பருமனையும், எது எதை மறைக்கிறது என்பதையும் வைத்துத் தூரத்தைப் பிடித்து, சைக்கிளும் ஓடுவார்கள், கிரிக்கெட்டும் அடிப்பார்கள்.

ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக் கரும்பலகையை வாசிக்கச் சொன்னோம். வலது கண்ணைப் பொத்தியதும் பிள்ளை பேசாமல் நின்றது. அன்றே வாப்பாவுக்குக் கோல் எடுத்தோம்.

சில பிள்ளைகளுக்குப் பெட்டி பழகக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அது வேறு. பெட்டி கண் டொக்டரும் இல்லை. ஆனால் இந்தக் குறைக்குச் சிறுவயதில் வைத்தியம் செய்தால்தான் கூடப் பலன்.

பெட்டி வகுப்பு அலுமாரியில் இருக்கிறது. கேட்கும் பெற்றோருக்கு ஒரு நாளைக்குத் தருவோம். பிள்ளை "வரல்ல" என்று சொன்னால் ஏசாதீர்கள், ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பாருங்கள்.