கானகக் கல்வி

கல்வி என்பது ஏட்டளவில் நிற்பதொன்று அன்று. உழவர் வயலிலும், பரதவர் கடலிலும், தச்சர் பட்டறையிலும் பெற்ற அறிவு பெரும்பாலும் ஏட்டில் ஏறாதது. ஆயினும் அவ்வறிவின்றி உலகம் ஒருநாளும் நடவாது. இவ்வாறு இடத்தைச் சார்ந்து விளங்கும் அறிவுகளுள் காட்டைப் பற்றிய அறிவு மிகத் தொன்மையானது. ஊரும் நகரும் தோன்றுமுன் மனிதன் காட்டையே வீடாகக் கொண்டிருந்தான். இன்றோ, நகரில் பிறந்து வளர்ந்த ஒருவனை அடர்காட்டினுள் தனியே விட்டால், அவன் ஒரு பொழுதில் திசை தவறுவான். இரு பொழுதில் உள்ளம் தளர்வான். பல கலைகளைப் பயின்ற மனிதன் தன் முன்னோர் வாழ்ந்த இல்லத்திலேயே வழியறியாது நிற்பது எண்ணத்தக்கது.

இக்குறையை உணர்ந்தோர் பலர் இக்காலத்தில் தென்னமெரிக்காவின் அமேசான் மழைக்காட்டுக்குச் சென்று, வழிகாட்டியர் துணையோடு சில நாள் தங்கி, காட்டில் உயிர் காக்கும் முறைகளைப் பயில்கின்றனர். பிரேசில் நாட்டு மனாவுஸ், பெரு நாட்டு இக்கிட்டோஸ் ஆகிய நகரங்களிலிருந்து இத்தகைய குழுக்கள் புறப்படுகின்றன. இக்கிட்டோஸ் நகரை நாட்டின் பிற பெருநகரங்களோடு இணைக்கும் சாலை இல்லை. ஆற்று வழியாகவோ வான்வழியாகவோதான் அதனை அடைதல் கூடும். இப்பயணத்தைச் சிலர் வீரச்செயல் என்று போற்றுகின்றனர். வேறு சிலர் செல்வர்தம் வீண்பொழுது என்று இகழ்கின்றனர். இருதிறத்தார் கூற்றும் முழுதும் பொருந்துவதன்று. மாணாக்கனாய்ச் செல்வானுக்கு அது கல்வி. வீரனென்னும் செருக்கோடு செல்வானுக்கு அது கேடு. பயணம் ஒன்றே, செல்வோர் உள்ளமே அதனை நன்றாகவும் தீதாகவும் ஆக்குகின்றது.

அமேசான் காடு ஏறத்தாழ 55 இலட்சம் சதுரக் கிலோமீட்டர் பரப்புடையது. அங்கு மரமுடிகள் ஒன்றோடொன்று நெருங்கிப் பந்தரிட்டாற்போல் நிற்றலின், கதிரவன் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கே தரையை அடையும். நிலநடுக்கோட்டை அடுத்த நிலமாதலின் ஆண்டு முழுதும் மாலை ஆறு மணியளவில் இருள் சூழும். காட்டினுள்ளோ அதற்கு முன்னரே இருள் வந்துவிடும். எத்திசை நோக்கினும் ஒரே தோற்றம். இத்துணைப் பசுமை நிறைந்த இடத்தில் உணவுக்குக் குறைவிராது என்று புதியவன் எண்ணுவான். அவ்வெண்ணம் பிழையானது. கனிகளுட் பல கைக்கெட்டாத உயரத்தில் பழுக்கின்றன. கீழே கிடைப்பவற்றுள் உணவு எது, நஞ்சு எது என்பதனைப் பயின்றவரே அறிவர்.

ஆதலின், நல்ல வழிகாட்டி ஒருவர் தம்மிடம் வந்தவர்க்கு வெட்டுக்கத்தி வீசக் கற்பிக்குமுன் கண்ணைப் பழக்குகின்றார். அடியெடுத்து வைக்குமுன் தரையைப் பார்; கை வைக்குமுன் மரத்தைப் பார்; தங்குமுன் தலைக்குமேல் பார் என்பன அவர்தம் முதற்பாடங்கள். முள் நிறைந்த அடிமரங்கள் அங்கே பல. குண்டெறும்பு என்னும் ஒருவகைப் பெரிய எறும்பு கொட்டினால் அந்நோவு ஒரு நாள் அளவும் நீடிக்கும். பட்டுநிற்கும் மரமும், ஒடிந்து தொங்கும் கிளையும் எப்பொழுது விழும் என்று கூறவியலாது. ஆதலால் அவற்றின்கீழ்த் தங்கலாகாது. மேற்புலத்தில் மழை பெய்யின் ஆறு ஓரிரவிலேயே பெருகிவிடும். ஆகவே கரையை ஒட்டியும் தங்கலாகாது. கொடியும் தொங்கு படுக்கையும் கொண்டு தரைக்குமேல் துயிலவேண்டும். காலணியை அணியுமுன் கவிழ்த்து உதறவேண்டும். உலர்ந்த உடை ஒன்றை இரவுக்கென்றே காத்து, விடிந்ததும் ஈர உடையையே மீண்டும் அணிந்து நடக்கவேண்டும். இஃது இன்பந்தருவதன்று, ஆயினும் உலர்ந்த உடையைப் பகலிலும் அணிபவன் இரவில் நடுங்குவான்.

நீரும் நெருப்பும் அடுத்த பாடங்கள். மழைக்காட்டில் நீர் எங்கும் உண்டு. ஆயினும் காய்ச்சாமல் பருகத்தக்க நீர் அரிது. சில கொடிகளை வெட்டினால் நல்ல நீர் வடியும்; வேறு சிலவற்றிலிருந்து பால்போன்ற சாறு வடியும்; அது பருகத்தகாதது. தெளிந்த சாறு தருவன யாவும் நல்லன என்றும் கொள்ளலாகாது. கொடியைப் பெயரறிந்து தெளிந்த பின்னரே வாயில் வைத்தல் வேண்டும். விறகெல்லாம் நனைந்திருக்கும் அவ்விடத்தில், நின்றவாறே பட்டுப்போன மரத்தைப் பிளந்தால் அதன் உட்பகுதி உலர்ந்திருக்கும். சில மரங்களின் பிசின் ஈரத்திலும் தீப்பற்றும். இவையெல்லாம் சிறியனவாகத் தோன்றும். ஆனால் உயிர் நிற்பது இச்சிறியவற்றின் மேல்தான்.

இக்கல்வியின் பயனை உலகறிந்த ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும். 1971ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 24ஆம் நாள் பெரு நாட்டில், லீமாவிலிருந்து 92 பேரோடு சென்ற வானூர்தியொன்று புயலிடைப்பட்டு மின்னல் தாக்கிக் காட்டின்மேல் சிதறியது. யூலியானே கோப்கே என்னும் 17 வயது நங்கை தம் இருக்கையோடு ஏறத்தாழ 3 கிலோமீட்டர் உயரத்திலிருந்து வீழ்ந்தும் உயிர் பிழைத்தார். அவருடைய அன்னையார் உட்பட ஏனையோர் அனைவரும் மாண்டனர். கழுத்தெலும்பு முறிந்து, கையில் புண்பட்டு, மூக்குக்கண்ணாடியும் இழந்த அவரிடம் இருந்த உணவு சிறிது இனிப்புப் பண்டமே. தேடி வந்த வானூர்திகளின் ஒலி அவர் செவியில் விழுந்தது. ஆயினும் மரப்பந்தர் அவரை மறைத்துவிட்டது.

வீழ்ச்சியில் அவரைக் காத்தது நற்பேறு. அதன் பின்னர்க் காத்தது கல்வி. அவருடைய பெற்றோர் இருவரும் உயிரியல் அறிஞர்கள். பங்குவானா என்னும் இடத்தில் அவர்கள் 1968ஆம் ஆண்டு நிறுவிய ஆய்வுநிலையத்தில் அவர் வாழ்ந்து காட்டைப் பயின்றிருந்தார். சிற்றோடை பெரிய ஓடையிற் கலக்கும், பெரிய ஓடை ஆற்றிற் கலக்கும், ஆற்றோரம் மக்கள் வாழ்வர் என்னும் தந்தையார் மொழியைப் பற்றிக்கொண்டு அவர் நீரோட்டத்தின் வழியே நடந்தார். நீர்நிலையை அடுத்து வாழும் பறவை ஒன்றன் குரல் கேட்டபோது, பேராறு அண்மையில் உளது என்று உணர்ந்தார். அக்குரலை அறிவித்தவர் பறவையியல் வல்லுநராகிய அன்னையாரே. புண்ணில் புழு வைத்தபோது, தந்தையார் நாயொன்றற்குச் செய்த மருத்துவத்தை நினைந்து, ஆற்றோரக் குடிசையருகே கிடைத்த எரியெண்ணெயை ஊற்றிப் புழுக்களை வெளிப்படுத்தினார். பதினோராம் நாள் மரம் வெட்டுவோர் அவரைக் கண்டு காத்தனர். பின்னாளில் அவர் விலங்கியல் அறிஞராகி, அந்தப் பங்குவானாவைத் தாமே ஏற்றுக் காத்து வரலாயினர்.

அண்மைக் காலத்திலும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2023ஆம் ஆண்டு மேத் திங்கள் முதல் நாள் கொலம்பியாவின் அமேசான் பகுதியில் சிறிய வானூர்தி ஒன்று வீழ்ந்தது. தாயும் ஏனைப் பெரியோரும் இறந்தனர். உவிட்டோட்டோ என்னும் தொல்குடியைச் சேர்ந்த நான்கு சிறார் மட்டும் எஞ்சினர். மூத்தவளுக்கு வயது 13. இளங்குழவிக்கோ 11 திங்களே. வானூர்தியில் இருந்த மரவள்ளி மாவையும், பின்னர்க் காட்டுக் கனிகளையும் வித்துகளையும் உண்டு, அவர்கள் 40 நாள் உயிர் வாழ்ந்தனர். தேடியோர், பாட்டியாரின் குரலைப் பதிவு செய்து, இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று தாய்மொழியில் வானிலிருந்து ஒலிபரப்பினர். படைவீரர்களோடு தொல்குடியினரும் சேர்ந்து தேடினர். இறுதியில் சூன் 9ஆம் நாள் சிறாரைக் கண்டவர்கள் அத்தொல்குடித் தொண்டர்களே. படையினரிடம் கருவிகள் இருந்தன. தொல்குடியினரிடம் காட்டைப் படிக்கும் கண் இருந்தது. இரண்டும் சேர்ந்தபோது நான்கு உயிர்கள் மீண்டன.

ஈண்டு ஒரு தடை எழுதல் கூடும். இவர்கள் காட்டிலேயே வாழ்ந்து பயின்றோர். ஒரு வாரம் சென்று தங்குவார்க்கு இவ்வறிவு யாங்ஙனம் கைகூடும் என்பதே அத்தடை. இது நேர்மையான வினா. ஒரு வாரத்தில் எவரும் காட்டுவாணர் ஆதல் இயலாது. அவ்வாறு ஆக்கித் தருவதாகக் கூறுவோர் பொய் கூறுகின்றனர். நன்னூல் கடைமாணாக்கர்க்கு ஆட்டை உவமை கூறும். ஆடு ஒரு செடியில் நின்று வயிறார மேயாது, செடிதோறும் நுனியைக் கடித்துச் செல்லும். அதனைப் போலப் பல நாடுகளையும் நுனிமேய்ந்து திரிவோர்க்குக் காடு ஒன்றையும் தாராது. ஆனால் ஒருவாரப் பயிற்சி இரண்டு நன்மைகளை உறுதியாகத் தரும். வழி தவறினால் ஓடாதே, நின்று எண்ணிப் பார் என்பது போன்ற சில நெறிகள் உடம்பிற் பதியும் என்பது ஒன்று. தனக்குத் தெரியாதவை எத்துணைப் பல என்பது விளங்கும் என்பது மற்றொன்று. பின்னதே பெரிது. தன் அறியாமையை அறிந்தவன் வழிகாட்டியின்றிக் காட்டுட் புகான்.

வழிகாட்டியைத் தேர்தலிலும் விழிப்பு வேண்டும். 1981ஆம் ஆண்டு பொலிவியா நாட்டில், யோசி கின்ஸ்பெர்க் என்னும் இளைஞரும் அவர் நண்பர் இருவரும், தம்மைக் காடறிந்தவர் என்று கூறிக்கொண்ட அயல்நாட்டார் ஒருவரை நம்பிச் சென்றனர். இடைவழியில் அவர் கூறியவை நம்பத்தக்கன அல்ல என்பது புலனாயிற்று. குழு இரண்டாகப் பிரிந்தது. கின்ஸ்பெர்க் ஆற்றில் தெப்பம் கவிழ்ந்து தனித்து ஏறத்தாழ மூன்று வாரம் அலைந்தபின், நண்பர் ஒருவரும் உள்ளூர்ப் படகோட்டியும் தேடி வந்து அவரை மீட்டனர். மற்ற இருவர், அவ்வழிகாட்டி உட்பட, திரும்பவேயில்லை. காட்டைப் பற்றிப் பேசுபவர் வேறு, காட்டை அறிந்தவர் வேறு என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா. அவ்விடத்திலேயே பிறந்து வளர்ந்தவரும், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூற நாணாதவருமே நல்ல வழிகாட்டியர்.

இனி, செல்வோர் காட்டுக்கு ஆற்றவேண்டிய கடமையும் உண்டு. பனையினத்து மரம் ஒன்றன் குருத்து உண்ணத்தக்கது என்று காட்டுதல் பாடம். ஆனால் ஒற்றைத் தண்டுடைய பனையில் குருத்தை வெட்டினால் அம்மரமே மாண்டுபோம். பசியால் வாடுவான் வெட்டுதல் தகும். பல ஆண்டு வளர்ந்த மரத்தை விளையாட்டாய் வெட்டுதல் தகாது. அன்றியும், வெளியுலகத் தொடர்பை விரும்பாத தொல்குடியினர் சிலர் அக்காட்டின் உட்பகுதிகளில் வாழ்கின்றனர். வெளியார் கொண்டுவரும் எளிய சளிக்காய்ச்சலும் அவர்களுக்கு உயிர்க்கேடாகும். அவர்களை வலிந்து தொடர்பு கொள்ளாமை என்னும் நெறியைப் பிரேசில் அரசு 1987ஆம் ஆண்டு மேற்கொண்டது. அத்தகையோர் வாழும் எல்லைக்குள் புகுதல், எத்துணை ஆர்வமிருப்பினும், குற்றமே.

முறையாகச் சென்றால் இப்பயணத்தால் காட்டுக்கும் நன்மை உண்டு. அமேசான் காட்டில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு அழிந்துவிட்டது. காடு அழியும்போது மரம் மட்டும் அழிவதில்லை. ஒவ்வொரு கொடிக்கும் பெயரறிந்த முதியோரின் அறிவும் உடன் அழிகின்றது. தம் பிள்ளைகள் வேலை நாடி நகரம் சேர்ந்தபின், அவ்வறிவைக் கேட்பாரும் இலர். அந்நிலையில் நெடுந்தொலைவிலிருந்து ஒருவர் வந்து, முதியவர் முன் மாணாக்கராய் அமர்ந்து கேட்பாராயின், ஊரிளைஞர்க்கும் அவ்வறிவின் மதிப்பு விளங்கும். கின்ஸ்பெர்க் வழிதவறிய அக்காட்டுப் பகுதியில், சான் ஓசே என்னும் சிற்றூர் மக்கள் பின்னாளில் சலலான் என்னும் விடுதியை அமைத்து, வருவோர்க்குத் தாமே வழிகாட்டலாயினர். காட்டை வெட்டாமல் காட்டால் வாழும் வழி இது. ஆதலின், செலுத்தும் பொருள் அவ்வூர் மக்களைச் சேர்கின்றதா என்று வினவியபின்னரே ஒருவர் குழுவிற் சேர்தல் வேண்டும்.

அமேசான் சென்று பயிலும் வாய்ப்பு எல்லார்க்கும் கிட்டுவதன்று. ஆயினும் அங்குக் கற்பிக்கும் பாடத்தின் உட்பொருள் எங்கும் ஒன்றே. தமிழகத்தின் ஆனைமலைப் பகுதியிலும் மழைக்காடு உண்டு; அங்கே காடர் போன்ற தொல்குடியினர் காட்டறிவோடு வாழ்கின்றனர். வனத்துறையின் இசைவு பெற்று, அறிந்தவர் துணையோடு சென்று, ஒரு மரத்தின் பெயரையும் ஒரு பறவையின் குரலையும் கற்று மீள்வதும் கானகக் கல்வியே. இசைவின்றியும் துணையின்றியும் காட்டுட் புகுதல் எந்நாட்டிலும் அறிவுடைமை ஆகாது.

காடு எவரையும் வரவேற்பதுமில்லை, வெறுப்பதுமில்லை. அறிந்தவர்க்கு அது நீரும் உணவும் நிழலும் தரும். அறியாதவர்க்கு அதே காடு வழி மறைக்கும். மனிதனின் ஆற்றல் காட்டை வெல்வதில் இல்லை. அதனிடம் கற்பதில் உளது. பணிவோடு புகுந்து, விழிப்போடு நடந்து, புகுந்தவாறே காட்டை விட்டு மீள்பவனே அக்கல்வியில் தேறியவன்.