விற்பவன் கையிலும் பாவம்!



2024 ஜூன் மாதம் நம் பக்கத்து மாவட்டமான கள்ளக்குறிச்சியின் கருணாபுரத்தில் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொண்டது. அதில் கலந்திருந்தது மெத்தனால். ஆலைகளில் பயன்படும் இந்த ரசாயனம், குடித்தவன் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வையைப் பறிக்கும், உயிரையும் பறிக்கும். மாண்டவர்களில் பலர் அன்றாடங்காய்ச்சிகள். அவர்கள் வீடுகளில் அனாதையானது குழந்தைகள்தான்.

விருத்தாசலத்துப் பீங்கான் சூளையில் வெந்து வீடு திரும்பும் இளைஞனே! உடல் அலுப்புக்கு என்று நண்பன் நீட்டும் முதல் குவளையைத் தட்டிவிடு. இரண்டாவதை மறுப்பது அதைவிடக் கடினம்.

வணிகப் பெருமக்களே! மதுவைக் குடிப்பவனை மட்டுமா, விற்பவனையும் சுமப்பவனையும் அல்லவா நபிகள் நாயகம் (ஸல்) சபித்தார்கள்? மதுவைத் தொடாத நாம், 2013லேயே தமிழக அரசு தடை செய்த குட்காவைக் கல்லாவுக்கு அடியில் மறைத்து விற்கலாமா? பள்ளிச் சிறுவன் போதையின் அரிச்சுவடியை அந்தப் பொட்டலத்தில்தான் படிக்கிறான்.

அந்தச் சில்லறை லாபம் நமக்கு வேண்டாம். இன்றே கடையை விட்டு அகற்றுங்கள். நாளை காசோடு வந்து கை நீட்டுபவன் உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்!