சிலம்பின் கணக்கு

பொருளையெல்லாம் தொலைத்துவிட்டு வீடு திரும்பிய கோவலனிடம் கண்ணகி தன் சிலம்பை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அதை முதலாக வைத்து மதுரையில் பிழைக்கலாம் என்றான் அவன். இருவரும் புகாரிலிருந்து நடந்து, திருவரங்கம் வந்து, காவிரியைக் கடந்து உறையூர் வழியாகப் போனார்கள். வகுப்பறைகளில் இதைக் கற்பின் மேன்மை என்று நடத்துகிறார்கள். அவன் 'முதல்' என்று சொன்னதை மட்டும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே வழியில் இன்றும் சிலம்புகள் போகின்றன. திருவெறும்பூரில் 1960களில் வந்த பெல் கொதிகலன் ஆலையை நம்பித் துவாக்குடியில் பட்டறைகள் பெருகின. அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது வெல்டர், ஃபிட்டர், ஒப்பந்தத் தொழிலாளி என்று பலருக்கு வேலை போயிற்று. வேலை போனது ஆணுக்கு என்கிறது ஊர். அடகுக் கடைக்குப் போனது யார் நகை? குழுக் கடனில் கையெழுத்துப் போட்டது யார்? ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபத்தில் மஞ்சள் கயிறு மாற்றும் பெண்களில் எத்தனை பேருடைய தாலிக்கொடி அடகில் இருக்கிறது என்று யார் கேட்டோம்?

"அவரே நொந்து போயிருக்கார், நீ வேற பேசாதே" என்பார் மாமியார். "அனுசரிச்சுப் போ" என்பார் அம்மா. அவன் கத்தினால் விரக்தி, குடித்தால் கவலை, அடித்தால்கூட மன அழுத்தம். அவள் வாய் திறந்தால் மட்டும் குடும்பத்தைக் குலைப்பவள். விடியலில் சமைத்துவைத்துவிட்டுத் துணிக்கடையில் பத்து மணிநேரம் நின்று அவள் கொண்டுவரும் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது. அதற்குப் பெயர் 'கைச்செலவுக்கு'.

குடும்பத்துக்குள் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். வங்கி கணக்கு வைக்கிறது, வட்டிக்காரர் வைக்கிறார், குழுத் தலைவி நோட்டில் எழுதுகிறார். மனைவி எழுதினால் மட்டும் அன்பு கெட்டுப்போகுமா?

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2024 ஏப்ரலில், கேரளப் பெண்ணொருவரின் 89 பவுன் நகை வழக்கில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. ஸ்திரீதனம் மனைவியின் முழு உடைமை. நெருக்கடியில் கணவன் எடுத்துக்கொண்டாலும் திருப்பித் தரும் கடமை அவனுக்கு உண்டு என்றது.

ஆகவே தோழிகளே, நகையைக் கொடுப்பதும் மறுப்பதும் உங்கள் முடிவு. கொடுத்தால் அடகுச் சீட்டு உங்கள் பெயரில் இருக்கட்டும். எத்தனை பவுன், எதற்காக, எப்போது மீட்பது என்று எழுதி அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கண்ணகி கணக்குக் கேட்டது கணவன் செத்த பிறகு, அரசனிடம். நாம் உயிரோடு இருக்கும்போதே, வீட்டுக்குள்ளேயே கேட்போம்.