தலையில் அடிபட்டால் விரல் கணக்கா?

மேட்டில் சறுக்கித் தலையில் அடிபட்டவர் ஆஸ்பத்திரியிலிருந்து நடந்து வந்தால் போதும், மலைக்குக் கூப்பிடுகிறார்கள். துண்டில் கிளாஸ்கோ அளவுகோல் 15க்கு 15 என்று இருக்கிறதாம்! 1974இல் வந்த அந்த அளவுகோல் கண் திறப்பு, பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து மயக்கத்தின் ஆழத்தைச் சொல்லும். உழைக்கும் சக்தியைச் சொல்லாது. மறதி, திடீர்க் கோபம், நண்பகலிலேயே வரும் அசதி எல்லாம் வீடு திரும்பிய பிறகுதான் தெரியவரும்.

1934ஆம் ஆண்டின் நட்டஈட்டுச் சட்டப்படி, வெட்டுண்ட விரலுக்கு வீதம் போடுவது சுலபம். மறதிக்கு வீதம் போட வைத்தியர் நேரமெடுத்துச் சோதிக்கவேண்டும்.

தமிழில் பேசிச் சோதிக்கக்கூடிய வைத்தியர்கள் பலர் கொக்குவிலிலுள்ள யாழ். மருத்துவ பீடத்தில் உருவாகிறார்கள். அவர்களிடம் நாம் கேட்பது இதுதான்: இன்று என்ன திகதி என்பதோடு நிறுத்தாதீர்கள். சரிவில் கூடையோடு நிற்க முடிகிறதா, காலை நிறுவை மாலையில் நினைவிருக்கிறதா, கவ்வாத்துக் கத்தியை நம்பிக் கொடுக்கலாமா என்று பாருங்கள். வீட்டாரையும் கேட்டு எழுதுங்கள். பிரதியைத் தொழிலாளி கையில் கொடுங்கள்.