கண்ணா, கருவியா?

மாணவ நண்பர்களே, ஒரே படத்தை இரண்டு கணினித் திரைகளில் அருகருகே பாருங்கள். ஒன்றில் வெள்ளைச் சட்டை நீலம் கலந்து தோன்றும். மற்றொன்றில் மஞ்சள் படிந்திருக்கும். எது சரி? கண்ணை மட்டும் நம்ப முடியாது. சற்று நேரத்தில் அது எந்த வெள்ளைக்கும் பழகிவிடும். ஆகவே, நிறமானியைத் திரைமேல் வைத்து அளந்து, இரண்டையும் ஒரே வெள்ளைக்குத் திருத்துவதே முறை.

ஆனால் அளவுகள் ஒத்த பின்னும் சில திரைகள் வேறுபட்டே தெரிகின்றன! கருவியில் பிழை இல்லாவிட்டாலும் இது நேரலாம். திரைக்குத் திரை ஒளியின் அலைநீளக் கலவை வேறு. மேலும், நிறமானிக்கு அடிப்படையான 'சராசரிக் கண்' 17 பேரின் பார்வையை ஆராய்ந்து 1931-இல் வகுக்கப்பட்டது. உங்கள் கண் அதிலிருந்து சற்றே மாறுபடலாம்.

எனவே முதலில் அளந்து பாருங்கள்; பிறகு கண்ணால் ஒப்பிடுங்கள். அளவை மதிப்பதோடு அதன் எல்லையையும் அறிவதே அறிவியல் மனப்பான்மை.